குற்றவாளியின் கதையும் அரசின் கையும்

கொலை செய்தவன் தான் செய்த கொலையைக் கதையாக எழுதிப் பணம் சேர்க்கலாமா? இக்கேள்வியைச் சந்தையில் நிற்பவரிடம் கேட்டாலும் சரி, நீதிமன்றப் படிக்கட்டில் நிற்பவரிடம் கேட்டாலும் சரி, "ஆகாது" என்ற ஒரே விடைதான் கிடைக்கும். மனச்சாட்சி உள்ள எவரும் வேறு விடை கூறார். ஆயினும், குற்றவாளிகளுக்கு நூல் வாயிலாக வரும் வருவாயைத் தடுத்துவைக்க நியூயோர்க் மாநிலம் இயற்றியிருந்த சட்டம் செல்லாது என்று, ஐக்கிய அமெரிக்காவின் சுப்ரீம் கோட்டு 1991ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10ஆந் திகதி தீர்ப்பளித்தது. வழக்கை விசாரித்த எட்டு நீதியரசர்களும் முடிவில் ஒன்றுபட்டனர். மாறுபட்ட தீர்ப்பு ஒன்றேனும் எழுதப்படவில்லை.

நீதியரசர்கள் ஒன்றுபட்டனர், மக்கள் ஒன்றுபடவில்லை. "பாதிக்கப்பட்டவனின் கண்ணீரை விற்றுக் காசாக்கக் கள்வனுக்கு நீதிமன்றமே உரிமைச்சீட்டு வழங்கிவிட்டது" என்று ஒரு சாரார் கொதித்தெழுந்தனர். "எழுத்துரிமை காப்பாற்றப்பட்டது" என்று மறுசாரார் மகிழ்ந்தனர். அவ்விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. குற்றவாளி ஒருவன் நூல் எழுதும்போதெல்லாம், அவன் கதையைப் படம்பிடிக்க எவரேனும் முன்வரும்போதெல்லாம், அது மீண்டும் தலைதூக்குகின்றது. ஆத்திரங்கொண்டவர்களின் பக்கம் உண்மை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. எனினும், அத்தீர்ப்பு சரியானது என்பதும், பாதிக்கப்பட்டவர்களுக்கு அது எவ்விதத் தீங்கும் செய்யவில்லை என்பதும், அவர்களுக்கு நீதி கிடைக்கும் நேரான வழியை அதுவே காட்டிற்று என்பதும் எனது துணிபு.

சட்டம் பிறந்த கதை

1976ஆம், 1977ஆம் ஆண்டுகளில் நியூயோர்க் நகரம் ஒரு கொலைகாரனுக்கு அஞ்சி நடுங்கியது. இரவில் துப்பாக்கியுடன் அலைந்து ஆறு பேரைக் கொன்று ஏழு பேரைக் காயப்படுத்திய அவன், தன்னைச் 'சாமின் மகன்' என்று அழைத்துக்கொண்டான். 1977ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் டேவிட் பேர்க்கோவிட்ஸ் என்பவன் பிடிபட்டான். அவன் கதையைப் பெரும்பணம் கொடுத்து வாங்கப் புத்தகக் கொம்பனிகளும் படக் கொம்பனிகளும் போட்டியிடும் என்ற எண்ணமே மக்களுக்குப் பொறுக்கவில்லை. மாநிலச் சட்டசபை அவ்வாண்டிலேயே விரைந்து ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அது 'சாமின் மகன் சட்டம்' என்றே பெயர்பெற்றது. பின்னர் மத்திய அரசும் பெரும்பாலான மாநிலங்களும் இதே நோக்கங்கொண்ட சட்டங்களை இயற்றின.

அச்சட்டம் கூறியது யாது? குற்றவாளி ஒருவன் தன் குற்றத்தைப்பற்றி நூலிலோ, சஞ்சிகையிலோ, திரைப்படத்திலோ, வானொலியிலோ கூறுவதற்கு எவரேனும் பணம் கொடுக்க உடன்பட்டால், அந்த உடன்படிக்கையின் பிரதியைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் சபை என்னும் அரச சபைக்கு அனுப்பவேண்டும். அவனுக்குச் சேரவேண்டிய பணம் முழுவதையும் அச்சபையிடம் ஒப்படைக்கவேண்டும். சபை அதனை ஐந்தாண்டுகளுக்குத் தன் பொறுப்பில் வைத்திருக்கும். அக்காலத்துள் பாதிக்கப்பட்டவர்கள் வழக்காடி வென்றால் அப்பணத்திலிருந்து நட்டஈடு பெறலாம்.

இதுவரையில் நியாயமாகவே தோன்றுகின்றது. ஆனால் சட்டத்தின் உள்ளே மற்றொரு வாசகமும் இருந்தது. நீதிமன்றம் தண்டித்தவன் மட்டுமன்றி, வழக்குத் தொடரப்படாத குற்றமொன்றைத் தானாகவே ஒப்புக்கொண்டவனும் 'தண்டிக்கப்பட்டவன்' என்றே கொள்ளப்படுவான் என்பது அவ்வாசகம். பொலீஸ் பிடிக்கவில்லை, நீதவான் விசாரிக்கவில்லை, யூரிமார் தீர்ப்புச் சொல்லவில்லை. தன் நூலில் "இளமையில் நான் இப்பிழையைச் செய்தேன்" என்று ஒருவன் எழுதினாற் போதும், அவன் குற்றவாளிகளின் வரிசையிற் சேர்க்கப்பட்டான். வாசகர்கள் இதனை நினைவில் வைத்திருக்கவேண்டும்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. எவனை மனத்திற்கொண்டு சட்டம் இயற்றப்பட்டதோ, அந்தப் பேர்க்கோவிட்ஸ்மீது அது ஒருபோதும் பாயவில்லை. 1981இல் வெளிவந்த நூலொன்றிலிருந்து தனக்குக் கிடைத்த பங்கை, அவன் தானாகவே பாதிக்கப்பட்டவர்களுக்கும் இறந்தோரின் உரித்தாளருக்கும் செலுத்தினான் என்று அச்சபையே நீதிமன்றத்துக்கு அறிவித்தது. வலை விரித்தது ஒரு மீனுக்கு. அகப்பட்டது வேறு மீன்.

வழக்கின் வரலாறு

அகப்பட்டவன் பெயர் ஹென்றி ஹில். நியூயோர்க்கின் பாதகர் கூட்டமொன்றில் இருபத்தைந்து ஆண்டுகள் கையாளாக இருந்தவன். 1978இல் கென்னடி விமான நிலையத்தில் லுப்தான்சா விமானக் கொம்பனியின் களஞ்சியத்திலிருந்து ஏறத்தாழ 60 இலட்சம் டொலர் கொள்ளையிடப்பட்ட சதியிலும், பொஸ்டன் கல்லூரிக் கூடைப்பந்தாட்டங்களில் பணத்துக்காகப் புள்ளிகளைக் குறைத்து ஆடுவித்த மோசடியிலும் பங்குகொண்டவன். 1980இல் பிடிபட்டதும் அரசதரப்புச் சாட்சியாக மாறினான். அவன் சாட்சியத்தால் அவனுடைய பழைய தோழர் பலர் சிறைபுகுந்தனர். அரசு அவனுக்குப் புதிய பெயரும் மறைவிடமும் கொடுத்துக் காப்பாற்றியது.

1981இல் நிக்கலஸ் பிலெஜி என்னும் பத்திரிகையாளருக்குத் தன் வாழ்க்கையைச் சொல்ல ஹில் உடன்பட்டான். சைமன் அன் சுஸ்டர் என்னும் புத்தகக் கொம்பனி உடன்படிக்கை செய்தது. 1986இல் 'வைஸ்கை' என்ற நூல் வெளிவந்து, பத்தொன்பது மாதங்களுள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் அச்சாயின. 1990இல் மார்ட்டின் ஸ்கோர்செசி அதனைத் தழுவி 'குட்பெல்லாஸ்' என்ற திரைப்படத்தை எடுத்தார்.

நூலின் புகழ் சபையின் காதுக்கு எட்டியது. 1987இல் சபை கட்டளை பிறப்பித்தது. அதுவரையில் ஹில்லின் சார்பிற் கொடுக்கப்பட்டிருந்த 96,250 டொலரை அவன் திருப்பித் தரவேண்டும். கொம்பனி கையில் எஞ்சியிருந்த 27,958 டொலரையும், இனி வரும் பணம் அனைத்தையும் சபைக்குச் செலுத்தவேண்டும் என்பதே கட்டளை. கொம்பனி நீதிமன்றம் சென்றது. மாவட்ட நீதிமன்றம் சபையின் பக்கம் நின்றது. மேன்முறையீட்டு நீதிமன்றமும் 1990இல், ஒரு நீதிபதி மாறுபட, சபையின் பக்கமே நின்றது. அதன்பின்னரே வழக்குச் சுப்ரீம் கோட்டுக்கு வந்தது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் சாண்ட்ரா டே ஓ'கொனர்.

எதிர்ப்போர் கூறுவன

தீர்ப்பை எதிர்ப்பவர்களின் நியாயத்தைக் குறைத்துக் கூறுவது முறையன்று. அதன் முழுப்பலத்துடனேயே அதனை எடுத்துரைப்போம்.

முதலாவது, எவனும் தன் குற்றத்தால் இலாபமடையலாகாது என்பது சட்டத்தின் பழைய நெறி. சொத்துக்காகத் தந்தையைக் கொன்ற மகனுக்கு அச்சொத்துச் சேராது என்று நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. கொலை நடவாதிருந்தால் கதை இல்லை. கதை இல்லாதிருந்தால் பணம் இல்லை. ஆகவே பணம் கொலையின் விளைச்சலே என்பது அவர்கள் வாதம். இரண்டாவது, பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கடைத்தெருவிற் செல்லும்போது, கொன்றவனின் பெயர் பொறித்த நூல் கண்ணாடிப் பெட்டிக்குள் அலங்காரமாக நிற்பதைக் காண்கின்றாள். அவளுக்கு இது இரண்டாவது கொலை. மூன்றாவது, சட்டம் எவரையும் எழுதவேண்டாம் என்று தடுக்கவில்லை. பணத்தை மட்டுமே தடுத்துவைத்தது. எழுத்துரிமை வேறு, எழுத்தின் கூலி வேறு என்பதும் அவர்கள் கூற்று.

முதலிரண்டும் கனமான வாதங்கள். சுப்ரீம் கோட்டும் அவற்றைத் தள்ளிவிடவில்லை என்பதைத் தீர்ப்பைப் படியாமலே அதனைத் தூற்றுவோர் அறியவேண்டும். பாதிக்கப்பட்டவனுக்குத் தீங்கிழைத்தவனிடமிருந்தே நட்டஈடு பெற்றுக்கொடுப்பதில் அரசுக்கு மிக உயர்ந்த அக்கறை உண்டு. குற்றவாளி குற்றத்தின் பயனை அனுபவியாது தடுப்பதிலும் அத்தகைய அக்கறை உண்டு என்று அந்நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. அப்படியாயின் சட்டம் வீழ்ந்தது எதனால்?

மூன்றாவது வாதத்தில் உள்ள ஓட்டையினால். ஐந்தாண்டுகளுக்குக் கூலி இல்லை, அதன் பின்னும் கிடைக்குமோ தெரியாது என்றால், எத்தனைபேர் வாய் திறப்பர்? எத்தனை கொம்பனிகள் அத்தகைய நூலுக்கு முதலிடுவர்? விளைந்த நெல்லைத் தொடவிடாமல், "உழவேண்டாம் என்று யாம் தடுக்கவில்லையே" என்று கமக்காரனிடம் சொல்வதற்கும் இதற்கும் வேற்றுமை என்ன?

ஏன் எழுத்து மட்டும்?

கமக்காரர்களுக்கு இவ்விடயம் வழக்கறிஞர்களைவிட எளிதாக விளங்கும். உங்கள் அயலவன் ஒருவன் வேண்டுமென்றே வாய்க்காலை உடைத்து உங்கள் பயிரை அழித்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். வழக்குப் பேசி டிக்கிரி பெற்றுவிட்டீர்கள். அவனிடம் காணி உண்டு, வீடு உண்டு, உழவு இயந்திரம் உண்டு, மனைவியின் கழுத்தில் தான் வாங்கிப் போட்ட நகை உண்டு, வங்கியிற் பணம் உண்டு. டிக்கிரியை நிறைவேற்ற வந்த பிஸ்கால் உத்தியோகத்தர் இவற்றில் ஒன்றையும் தொடாமல், அவன் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரைக்குக் கிடைத்த கூலியை மட்டும் எடுத்துக்கொண்டு, "இதுவே நீதி" என்று சொன்னால் உங்களுக்கு என்ன தோன்றும்? பயிரை இழந்த உங்கள்மீது உத்தியோகத்தருக்கு இரக்கமா, அல்லது கட்டுரைமீது அவருக்குக் கோபமா என்ற ஐயம் எழாதா?

நீதியரசர் ஓ'கொனர் கேட்டதும் இக்கேள்வியே. நட்டஈடுதான் நோக்கமென்றால், குற்றவாளியின் மற்றைய சொத்துக்கள் இருக்க, கதை சொல்லிப் பெற்ற பணத்தின்மீது மட்டும் அரசுக்கு ஏன் தனி அக்கறை? இதற்கு நியூயோர்க் மாநிலத்தால் தக்க விடை அளிக்க இயலவில்லை. குறித்ததொரு பொருளைப்பற்றிப் பேசுபவன்மீது மட்டும் சுமையை ஏற்றும் சட்டம், பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் முதலாவது திருத்தத்துக்கு முரணானது என்பதே தீர்ப்பின் சாரம். நீதியரசர் கெனடி இன்னும் ஒருபடி மேலே சென்றார். பேசும் பொருளைப் பார்த்து விதிக்கப்படும் தடையாதலின், அரசின் அக்கறை எவ்வளவு உயர்ந்தது என்று நிறுத்துப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை, சட்டம் அந்த அளவிலேயே வீழும் என்று அவர் தனியாக எழுதினார்.

கொள்ளையிட்ட பணத்தில் வாங்கிய மாளிகையில் ஒருவன் வாயை மூடிக்கொண்டு வாழ்ந்தால், இச்சட்டம் அவனைத் தீண்டாது. மற்றொருவன் தன் குற்றத்தையும் அதற்கு உடந்தையாயிருந்தோரையும் வெளிப்படுத்தி நூல் எழுதினால், அவன்மீது பாயும். வாய்மூடியவனுக்கு இலாபம்; உண்மை சொன்னவனுக்கு நட்டம். இப்படி ஒரு சட்டத்தால் யாருக்கு நன்மை?

அகுஸ்தீனாரின் பேரிக்காய்

சட்டம் எவ்வளவு அகன்றது என்பதைக் காட்ட நீதிமன்றம் சில நூல்களை எடுத்துக்காட்டியது. புகழ்பெறுவதற்கு முன் தான் செய்த குற்றங்களை விவரித்த மல்கம் எக்ஸின் சுயசரிதை; அநீதியான அரசுக்கு வரி கொடுக்க மறுத்துச் சிறைசென்றதைக் கூறிய தோரோவின் கட்டுரை; அயலவர் தோட்டத்திற் பேரிக்காய் திருடியதை எண்ணி மனம் வருந்திய புனித அகுஸ்தீனாரின் பாவசங்கீர்த்தன நூல். அணுகுண்டுக்கு எதிரான மறியலிற் கலந்துகொண்டமைக்காக 89ஆவது வயதில் ஏழு நாள் சிறையிருந்த பேர்ட்ரண்ட் ரசலின் பெயரும் அங்கே சொல்லப்பட்டது. இச்சட்டம் எங்கும் எக்காலத்தும் இருந்திருப்பின், இவர்கள் எழுத்துக்குரிய பணமெல்லாம் சபையின் பெட்டிக்குள் போயிருக்கும்.

தீர்ப்பை எதிர்ப்போர் இதைக் கேட்டு நகைத்தனர். "அகுஸ்தீனாரின் பேரிக்காய்க்கு எந்தச் சபை நட்டஈடு கேட்கப்போகின்றது? உத்தியோகத்தர்கள் அத்தனை மூடர்களா?" என்றனர். நடைமுறையில் அச்சட்டம் ஒருசில தடவைகளே பயன்பட்டது என்பதும் உண்மை. ஜோன் லெனன் என்னும் பாடகரைக் கொன்றவன்மீதும் இன்னும் சிலர்மீதும் அது ஏவப்பட்டது.

ஆனால் சட்டத்தை அளக்கும் முறை அதுவன்று. ஒரு சட்டத்தை நல்ல உத்தியோகத்தர் எவ்வாறு பயன்படுத்துவார் என்று பார்த்து மதிப்பிடலாகாது. கெட்ட உத்தியோகத்தருக்கு அது என்ன அதிகாரத்தைக் கொடுக்கின்றது என்று பார்த்தே மதிப்பிடவேண்டும். "இவ்விதி உங்களைப் போன்றவர்களுக்கன்று, கொடியவர்களுக்கே" என்ற உறுதிமொழியுடன்தான் உலகில் எல்லா நாடுகளிலும் கடுஞ்சட்டங்கள் பிறக்கின்றன. உறுதிமொழி கொடுத்த மந்திரி மறைந்துவிடுவார்; சட்டப்புத்தகத்தில் அச்சிட்ட எழுத்து மறைவதில்லை. இதனை விளக்கிக் கூறவேண்டிய நிலையில் நம் வாசகர்கள் இல்லை.

மறியல் செய்தவனும் வரிமறுத்தவனும் சட்டத்தின் கண்ணிற் குற்றவாளிகளே. கொலைகாரனுக்கென்று செய்த விலங்கு அவர்கள் கைக்கும் அளவாகவே இருக்கும். ஆகையால் அந்த விலங்கைச் செய்யும்போதே அதன் அளவைப் பார்க்கவேண்டியது குடிமக்களின் கடமை.

தமிழகத்தில் எழுந்த வழக்கு

இவ்விடயம் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. அத்தீர்ப்பு வெளிவந்து மூன்று ஆண்டுகளுக்குள், தமிழ்ப் பத்திரிகையொன்றின் காரணமாகவே இந்தியாவின் சுப்ரீம் கோட்டிலும் இத்தகைய வழக்கொன்று எழுந்தது.

ஆறு கொலைகளுக்காக மரணதண்டனை விதிக்கப்பட்ட ஆட்டோ சங்கர் என்பவன், 1991இல் செங்கற்பட்டுச் சிறையில் இருந்தபோது ஏறத்தாழ 300 பக்கங்களில் தன் வரலாற்றை எழுதி, சிறை அதிகாரிகள் அறியவே மனைவியிடம் கொடுத்து, அதனை வழக்கறிஞரிடம் சேர்ப்பித்தான் என்பதும், 'நக்கீரன்' இதழில் அது வெளிவரவேண்டுமென விரும்பினான் என்பதும் பத்திரிகையினரின் கூற்று. அவ்வரலாற்றில் உயர்ந்த அதிகாரிகள் சிலருக்கும் அவனுக்கும் இருந்த நெருங்கிய தொடர்பு கூறப்பட்டிருந்தது. தொடர் வெளிவரும் என்று 1994இல் 'நக்கீரன்' அறிவித்ததும், சிறைத்துறைத் தலைவரிடமிருந்து யூன் 15ஆந் திகதி கடிதம் வந்தது. அவ்வரலாற்றை எழுதியவன் சங்கர் அல்லன், வெளியிட்டால் நடவடிக்கை எடுக்கப்படும் என்பது அதன் பொருள்.

1994 ஒக்டோபர் 7ஆந் திகதி நீதியரசர் ஜீவன் ரெட்டி தீர்ப்புரைத்தார். அச்சேறுமுன்னே எழுத்தைத் தடுக்க அரசுக்கோ அதன் அதிகாரிகளுக்கோ சட்டத்தில் அதிகாரம் இல்லை; தம்மை அவதூறு செய்துவிட்டதாகக் கருதும் அதிகாரி, வெளிவந்தபின் வழக்காடிக்கொள்ளலாம். பொதுப் பதிவேடுகளில் உள்ளவற்றை எவன் அனுமதியும் இன்றி வெளியிடலாம்; அவற்றுக்கு அப்பாற் சென்று ஒருவனின் அந்தரங்கத்துள் நுழைந்தால் அதன் விளைவுக்குப் பத்திரிகை பொறுப்பேற்கவேண்டும். அவ்வாறு கூறிய நீதிமன்றம், பாலியற் கொடுமைக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயரைப் பதிவேட்டில் இருப்பினும் வெளியிடலாகாது என்று காப்பு விதித்ததையும் கவனிக்கவேண்டும். பாதிக்கப்பட்டவரின் மானத்தைக் காப்பதற்கு நூல் முழுவதையும் தடுக்கவேண்டியதில்லை என்பதற்கு அதுவே சான்று. அடுத்த ஆண்டு ஏப்ரலில் சேலம் சிறையிற் சங்கர் தூக்கிலிடப்பட்டான். அவன் தண்டனையை அத்தீர்ப்பு ஒரு நாளும் குறைக்கவில்லை.

நியூயோர்க்கில் அரசு நீட்டியது பணப்பெட்டியை நோக்கி. தமிழகத்தில் நீட்டியது அச்சுக்கூடத்தை நோக்கி. முன்னையதன் நோக்கம் நல்லது. பின்னையதன் நோக்கத்தை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை தெளிவாகின்றது. குற்றவாளியின் கதை குற்றவாளியைப்பற்றியதாக மட்டும் ஒருபோதும் அமைவதில்லை. கள்ளப்பொருளை வாங்கியவர் யார், கையூட்டுப் பெற்றவர் யார், கண்டும் காணாததுபோல் இருந்தவர் யார் என்பதெல்லாம் அதில் வந்தே தீரும். அவன் பேசினால் அவனிலும் அதிகமாக நடுங்குபவர்கள் வெளியில் இருக்கின்றனர். ஆதலினால், "குற்றவாளி பேசலாகாது" என்ற கூக்குரல் எழும்போதெல்லாம், அதனுள் பிள்ளையை இழந்த தாயின் குரல் எது, அகப்பட்டுவிடுவோமோ என்று அஞ்சுபவனின் குரல் எது என்று பிரித்தறிய வேண்டும்.

நீதிக்கு வழி உண்டு

"அப்படியானால் அத்தாய்க்கு என்ன வழி?" என்று கேட்பீர்கள். வழி உண்டு. கடனுக்குரிய பொதுச்சட்டமே வழி.

1995இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற பந்தாட்டக்காரர் ஓ. ஜே. சிம்ப்சன், தம் முன்னாள் மனைவியையும் ஓர் இளைஞரையும் கொன்றார் என்ற குற்றச்சாட்டிலிருந்து யூரிகளால் விடுவிக்கப்பட்டார். ஆயினும் 1997இல் இறந்தோரின் குடும்பத்தினர் தொடுத்த சிவில் வழக்கில் அவரே பொறுப்பாளி எனக் காணப்பட்டு, 3 கோடி 35 இலட்சம் டொலர் செலுத்தும்படி தீர்க்கப்பட்டது. 2006இல் 'நான் அதைச் செய்திருந்தால்' என்ற கருத்துடைய தலைப்பில் அவர் பெயரில் ஒரு நூல் வெளிவரவிருந்தது. மக்கள் கொதித்தெழவே, புத்தகக் கொம்பனி தானாகவே பின்வாங்கியது. அதற்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. வாசகர்களின் வெறுப்பே போதுமாயிருந்தது. 2007இல் வங்குரோத்து நீதிமன்றம், அவர் செலுத்தவேண்டிய கடனின் ஒரு பகுதிக்காக, அந்நூலின் உரிமையையே இறந்த இளைஞரின் குடும்பத்துக்கு அளித்தது. அக்குடும்பம் அதனைத் தானே வெளியிட்டது. இறந்த பெண்ணின் குடும்பத்தாரோ அது வெளிவருவதையே விரும்பவில்லை. துயருற்றவர்களுக்குள்ளேயே இவ்வாறு அபிப்பிராய பேதம் இருக்கும்போது, அவர்கள் அனைவருக்குமாகப் பேசும் உரிமையை ஓர் அரச சபை எப்படி எடுத்துக்கொள்ளலாம்?

அங்கே நூல் பறிபோனது, அது நூல் என்பதற்காக அன்று. அது கடனாளியின் சொத்து என்பதற்காக. வீட்டையும் வாகனத்தையும் எந்தச் சட்டம் பற்றிக்கொள்ளுமோ அதே சட்டமே நூலையும் பற்றியது. இதில் எழுத்துக்கு விசேட சலுகையும் இல்லை. விசேட தண்டனையும் இல்லை.

நியூயோர்க் சட்டசபையும் இப்பாடத்தைக் கற்றுக்கொண்டது. 1992இல் அது சட்டத்தைத் திருத்தி, கதை சொல்லிப் பெற்ற பணம் என்பதை விட்டு, குற்றத்தால் வந்த வருவாய் எதுவாயினும் என்று மாற்றியது. 2001இல் இன்னும் விரிவாக்கி, தண்டிக்கப்பட்டவனுக்கு எவ்வழியிலேனும் 10,000 டொலரோ அதற்கு மேலோ கிடைக்குமாயின், அச்செய்தி சபைக்கு அறிவிக்கப்படவேண்டும் என்றும், சபை அதனைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அறிவிக்கும் என்றும், அவர்கள் வழக்குத் தொடுக்கப் புதிய தவணை கிடைக்கும் என்றும் விதித்தது. முதுசமாய் வந்த காணியும், வென்ற வழக்கின் பணமும், நூலின் கூலியும் இப்போது ஒரே தட்டில் வைக்கப்பட்டன. பழைய சட்டத்திலும் பார்க்கப் பாதிக்கப்பட்டவனுக்கு இதிற் பலன் அதிகம். குற்றவாளிகளில் நூல் எழுதி விற்பவர் எத்தனைபேர்? ஆயிரத்தில் ஒருவர் இருப்பது அரிது. மற்றைய குற்றவாளிகளால் நாசமான குடும்பங்களுக்குப் பழைய சட்டம் ஒரு சதமும் தேடிக் கொடுக்கவில்லை. பத்திரிகைகளிற் பேசப்படும் பெருங்கொலைகளை மட்டும் அது நோக்கியது. பத்தாம் பக்கத்தில் மூன்று வரியில் முடிந்துபோன கொலைகளை மறந்தது.

எனினும் பழைய தவறு மறையவில்லை. 1963இல் பாடகர் பிராங் சினாட்ராவின் மகனைக் கடத்தியவர்களில் ஒருவன் தன் கதையைப் படக் கொம்பனிக்கு விற்றபோது, கலிபோர்னியா மாநிலத்தின் சட்டமும் சோதனைக்கு வந்தது. அதுவும் கதையை மட்டும் குறிவைத்த சட்டமாதலின், 2002இல் அம்மாநிலத்தின் சுப்ரீம் கோட்டு அதனைச் செல்லாததாக்கியது. நியூயோர்க் கற்ற பாடத்தைக் கலிபோர்னியா நீதிமன்றத்திலேயே கற்கவேண்டியதாயிற்று.

செய்யவேண்டியது

ஆத்திரத்தில் இயற்றப்படும் சட்டம் ஆத்திரத்துக்கு மட்டுமே பதில் சொல்லும். அநீதிக்குப் பதில் சொல்லாது. நட்டஈடு வழங்கவேண்டும் என்று மெய்யாகவே விரும்பும் அரசு செய்யவேண்டியவை பலவுள. பாதிக்கப்பட்டவர் வழக்குத் தொடுக்கும் தவணையை நீட்டலாம். ஏழையானவருக்கு அரசாங்கச் செலவிற் சட்டத்தரணியை அமர்த்திக் கொடுக்கலாம். குற்றவாளி தன் சொத்தை உறவினர் பெயரில் உறுதி முடித்து ஒளிப்பதைத் தடுக்கலாம். தண்டிக்கும் நீதிமன்றமே நட்டஈட்டையும் தீர்மானிக்கும்படி செய்யலாம். இவையெல்லாம் கைதட்டல் பெறாத வேலைகள். ஆனால் தாயின் கையிற் பணத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் வேலைகள்.

ஹென்றி ஹில்லிடம் எனக்கு மதிப்பு இல்லை. அவன் வாழ்நாள் முழுதும் பிறர் பொருளில் வாழ்ந்தவன். ஆனால் உரிமைகள் நல்லவர்களின் வழக்குகளில் மட்டும் பிறப்பதில்லை. வெறுக்கத்தக்கவனின் வழக்கிலேயே அவை பெரும்பாலும் சோதிக்கப்படுகின்றன. ஏனெனில் அரசின் கை முதலில் நீளுவது எவருக்காகவும் ஊர் பரிந்து பேசாதவனை நோக்கியே. அவனிடத்திற் பழகிய கை பின்னர் மற்றவர்களிடம் வரும்.

கொலைகாரன் கொடுக்கவேண்டிய கடனைக் கடைசிச் சதம்வரை அறவிடுங்கள். அவன் காணியை எடுங்கள், பணத்தை எடுங்கள். டிக்கிரியின்படி நூலின் வருவாயையும் எடுங்கள். எழுதினான் என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவனிடமிருந்து எதனையும் எடுக்கும் அதிகாரத்தை, எவ்வளவு நல்ல நோக்கத்தைச் சொல்லிக் கேட்டாலும், எந்த அரசுக்கும் கொடாதீர்கள்.